மெமரி பத்தாத பொட்டி

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. பொட்டியை இப்படி நடுவுல நகத்திக்கறேன். பயப்படாதீங்க, வெறும் கம்ப்யூட்டருதான். மேல சுத்தியிருக்கறது என் வேட்டி. உடுமலை பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு, உள்ள கோழியான்னு கேட்டாரு. பின்னால காத்துப் போக ஓட்டை இருக்குதில்லைங்க, அதைப் பாத்துட்டு. கண்டக்டரும் ரெண்டு தடவை தட்டிப் பாத்துட்டுத்தான் லக்கேஜ் டிக்கெட் கிழிச்சாரு.

தாராபுரந்தானுங்களே நீங்களும்? அப்ப நேரம் இருக்குது. கையில கம்ப்யூட்டர் பை வச்சிருக்கறீங்க, உங்களுக்குச் சொன்னா வெளங்கும்.

எம்பேரு சென்னியப்பன். தாராபுரத்துல டிடிபி கடை வச்சிருக்கறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நம்மகிட்டத்தான். அதா, முன்னால லேடீஸ் சீட்டுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, திரும்பியே பாக்காம உக்காந்திருக்கறா பாருங்க, அவதான் எங்க ஊட்டுக்காரி மயிலாத்தா. நியாயமா அவ இந்த எடத்துல உக்காரோணும். இன்னைக்குப் பொட்டி உக்காந்திருக்குது.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். இருபது வருசத்துக்கு முந்தி நடந்ததுக்கெல்லாம் காரணம் இந்தப் பொட்டிதானுங்க. இதுக்கு மெமரி பத்தலை. இதை நான் நூறு பேருகிட்டச் சொல்லியிருப்பேன், ஒரு வார்த்தை மாறாம.

என்ன நடந்துச்சுன்னா, எம்புள்ளை தாரணிக்குக் காதுகுத்து. நமக்கே பத்திரிகைக் கடை. அடுத்தவனுக்கு அடிக்கறதைவிட நம்ம புள்ளைக்கு ஒரு பங்கு தூக்கலா அடிக்கோணும்னு ஆசை இருக்குமில்லைங்களா. டைப் பண்ணுனது மயிலாத்தா. அப்பல்லாம் கடையில டைப்பிங் பூரா அவதான், விரலு அப்படி ஓடும். பெரியப்பன், சித்தப்பன், பங்காளின்னு நூத்திநாப்பது பேரு. எல்லாத்துக்கும் மேல மொதல் வரியில, தாய்மாமன்னு போட்டு அவ அண்ணன் பேரு. உடுமலை பெ. நாச்சிமுத்து, பி.ஏ. பதினாறு பாயிண்ட் எழுத்து. உங்களுக்குப் பாயிண்ட் தெரியுமுங்களா? எழுத்தோட பெருசு சிறுசு. கல்யாண வீட்டுல பந்தியில எந்தப் பக்கம் உக்கார வச்சாங்கங்கறதை விட்டாலும் விடுவாங்க, பத்திரிகையில எத்தனை பாயிண்ட்டுங்கறதை ஒருத்தனும் விட மாட்டான்.

நான் கடைசியா ஒருக்கா சரி பாத்து அச்சுக்கு அனுப்புனேன். கட்டு வந்துச்சு, பிரிச்சுக் கொடுத்தாச்சு. பாத்தா மொதல் வரியைக் காணோம்.

தாய்மாமன் பேரு இல்லாத காதுகுத்துப் பத்திரிகை சார். மாமன் மடியிலதான் புள்ளையை உக்கார வச்சுக் காது குத்தோணும், அந்த மாமன் பேரே இல்லை. மச்சான் வரலை. சீரும் வரலை. ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தரைப் புடிச்சு உக்கார வச்சோம். புள்ளை அவரு மீசையைப் பாத்தே அழுக ஆரம்பிச்சுருச்சு, ஊசியெல்லாம் பொறவுதான்.

என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. மெமரி பத்தலைன்னு சொன்னேன். பேரு நெறையாப் போயி, கம்ப்யூட்டர் தாங்காம ஒரு வரியை முழுங்கிருச்சுன்னேன். அந்தக் காலத்துல யாருக்குங்க கம்ப்யூட்டர் தெரியும்? நம்பிட்டாங்க. மச்சான் மட்டும் ஆளுகிட்டச் சொல்லி உட்டாரு: "மெமரி பத்தலைன்னா கடைசிப் பேரு போகோணும், மொதல் பேரு எப்படிப் போகும்?" நான் சொன்னேன், அந்தப் பேருலதான் பட்டம் இருக்குது, பெரிய எழுத்து வேற, வெயிட்டான வரிதான் மொதல்ல உளுகும்னு. இதுல என்னங்க தப்பு?

நடுவுல ஒரு சங்கதி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, சும்மா சொல்றேன். காதுகுத்துக்கு ரெண்டு மாசம் முந்தி மச்சான் ஊடு கட்டிப் பால் காச்சுனாரு. பத்திரிகையை நம்மகிட்ட அடிக்கலை. உடுமலையிலயே வேற எடத்துல அடிச்சுக்கிட்டாரு. அது எனக்கு வருத்தமே இல்லைங்க. அதுல எம்பேரு எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. அடியில, பந்தல்காரர் பேருக்கு ஒரு வரி மேல. எட்டு பாயிண்ட். நான் ஸ்கேல் வச்சு அளந்து பாத்தேன். அவரு சம்சாரத்தோட தம்பி பேரு பதினாலு பாயிண்ட். எனக்கு அதெல்லாம் மனசுலயே இல்லைங்க. அந்தப் பத்திரிகை பையிலதான் இருக்குது, பாக்கறீங்களா? வேண்டாமா, சரி.

அப்படியே இருபது வருசம் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. மயிலாத்தா மட்டும் வருசத்துக்கு ஒருக்கா நோம்பித் திருவிழாவுக்குப் போயி, வாசல்லயே நின்னு அண்ணனைப் பாத்துட்டு வருவா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொந்தக்காரங்க முன்னால நான் அந்தக் கதையைச் சொல்றப்பெல்லாம் பக்கத்துல நின்னு, ஆமா, மெமரி பத்தலைன்னு தலையாட்டுவா. எனக்கும் அது தைரியமா இருக்கும்.

இப்ப தாரணிக்குக் கல்யாணங்க, வைகாசியில. மாப்பிள்ளை பல்லடம், நல்ல எடம். புள்ளை ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டா. "மாமன் வந்து பட்டம் கட்டாம நான் மணவறையில உக்கார மாட்டேம்ப்பா. காதுகுத்துல அழுதது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்குது." எங்க பக்கம் பொண்ணு நெத்தியில மாமன்தான் பட்டம் கட்டோணுங்க. அது இல்லாட்டி முகூர்த்தமே மொட்டையாப் போயிரும்.

தட்டுல வெத்தலை பாக்கு வச்சுக்கிட்டு நானும் மயிலாத்தாளும் போனோம். மச்சானுக்கு முடியெல்லாம் வெளுத்துப் போச்சு, ஆனா ரோசம் அப்படியே கறுப்பாத்தான் இருக்குது. தட்டை வாங்கலை. காப்பித் தண்ணி மட்டும் கொடுத்தாரு. குடிச்சு முடிச்ச பொறகு சொன்னாரு: "மாப்பிள்ளை, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியோணும். எம்பேரை எடுத்தது நீங்களா, மெசினா? மெசின்னா, அந்த மெசினையே எடுத்துக்கிட்டு வாங்க. மெமரி பத்தலைன்னு எங்கண்ணு முன்னால அது சொல்லட்டும். நான் முன்னால வந்து பட்டம் கட்டறேன்."

சரின்னுட்டேன். ரோசனையே பண்ணலை. ஏன்னா இருபது வருசமாச் சொல்லிச் சொல்லி, அது சொல்லும்னே நான் நம்பிட்டனுங்க.

இந்தப் பொட்டி கடையில தண்ணி கேனுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. எடுத்துத் தொடச்சு, கரண்ட்டைக் கொடுத்தேன். கீங்னு நீட்டாக் கத்துச்சு, வேற ஒண்ணும் வரலை. உள்ள மெமரிக் குச்சியை உருவி, பித்தளை மாதிரி மின்னுற எடத்தை பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டுனேன். எங்க தொழில்ல பாதி ரிப்பேரு ரப்பர்லயே தீந்துரும். பழைய விண்டோஸ் தொண்ணூத்தெட்டு, மேகமெல்லாம் போட்டு சும்மா ஜம்முன்னு வந்து நின்னுச்சு. காதுகுத்து ஃபைலைத் தெறந்தேன். பட்டுன்னு தெறந்துருச்சு. நூத்திநாப்பது பேரும் அப்படியே இருக்கறாங்க. ஒரு மொனகல் இல்லை.

எனக்கு வேர்த்துப் போச்சு. நல்லா ஓடற மெசினை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணுவேன்? பேரு பத்தலை போலன்னு, ஓட்டர் லிஸ்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எங்க வார்டு சனம் பூராத்தையும் அதுல ஏத்துனேன். அறுநூறு பேரு. செத்தவங்களையும் விடலை. எல்லாரையும் வாங்கி வச்சுக்கிச்சு. ரெண்டு குச்சியில ஒண்ணை உருவுனேன். கொஞ்சம் மெதுவா வந்துச்சு, ஆனா வந்துச்சு. ரெண்டையும் உருவுனா கத்துது, ஆனா மெமரி பத்தலைன்னு எழுதிக் காட்ட மாட்டேங்குது. எழுதுனாத்தானுங்க மச்சான் ஒத்துக்குவாரு.

அப்பத்தான் இன்னொண்ணும் கவனிச்சேன். அதுல ரெண்டு ஃபைல் இருக்கோணும். ‘காது ஒண்ணு’ன்னு ஒண்ணு, அது மயிலாத்தா டைப் பண்ணது. ‘காது ரெண்டு’ன்னு ஒண்ணு, அது அச்சுக்குப் போனது. ஒண்ணுதான் இருக்குது. ரெண்டைக் காணோம். மத்தியானச் சோத்துக்குக் கடையைச் சாத்திப்போட்டு மூணு நாள் தேடுனேன், குப்பைக்கூடை மொதக்கொண்டு. இல்லவே இல்லை. தானா ஒரு ஃபைல் காணாமப் போற மெசின் எப்படிப்பட்ட மெசின்னு நீங்களே சொல்லுங்க. சோத்துப் போசியை வச்சுட்டு மயிலாத்தா கேட்டா, என்ன தேடறீங்கன்னு. ஒண்ணுமில்லைன்னேன். சரின்னுட்டுப் போயிட்டா.

உடுமலையில ரெஜினான்னு ஒரு அம்மிணி இருக்குது. பழைய கம்ப்யூட்டர் பாக்கற ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துலயே அது ஒண்ணுதான். அதுகிட்டத் தூக்கிட்டுப் போயி, கெட்டுப் போன மெமரி ஒண்ணு கொடம்மான்னேன். அது என்னையே பாத்துச்சு. "ஐயா, பதினெட்டு வருசமா இந்தக் கடையில இருக்கறேன். ரிப்பேர் ஆக்கித் தரச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

நல்ல புள்ளை, காரணம் கேக்கலை. வேற வேற கம்பெனிக் குச்சியா மாட்டிப் பாத்துச்சு. ஒண்ணு மாட்டுனா திரையெல்லாம் நீலமாகி என்னமோ நம்பரா வருது. இன்னொண்ணு இந்தப் பொட்டிக்குச் சேராதாம், குச்சியில வெட்டுப் பள்ளம் வேற எடத்துல இருக்குது. இன்னொண்ணு மாட்டுனா முன்னைவிட வேகமா ஓடுது, எனக்குக் கெரகம் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. கடைசியில அது கொஞ்ச நேரம் ரோசனை பண்ணிட்டு, அலமாரியில இருந்து பெருசு பெருசா ரெண்டு குச்சி எடுத்து மாட்டுச்சு. முந்தி இருந்ததைப் போல பத்துப் பங்கு மெமரி. ஏம்மா, பத்தலைன்னு சொல்லோணும்னா நீ அள்ளிக் கொடுக்கறயேன்னு நான் கத்தறேன். சிரிச்சுக்கிட்டே சுவிச்சைப் போட்டுச்சு.

கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. விண்டோஸை ஆரம்பிக்க மெமரி பத்தலை. அப்படியே இங்கிலீசுல.

அதெப்படிம்மான்னு கேட்டேன். இந்தப் பழைய விண்டோசுக்கு இவ்வளவு மெமரி வரும்னு அந்தக் காலத்துல யாரும் நெனைக்கலையாம். அள்ளிக் கொடுத்தா, அத்தனையையும் வச்சுக் காப்பாத்தறதுக்குன்னே எடத்தையெல்லாம் ஒதுக்கிப் போடுமாம். அப்புறம் வேலை செய்ய எடமில்லைன்னு சொல்லுமாம். ஊடு பூரா நெல்லு மூட்டையை அடுக்கிப்போட்டு, சோறாக்க எடமில்லைன்னு பட்டினி கெடக்கற மாதிரின்னு சொல்லுச்சு. ஒரு குச்சியை உருவிப்போட்டா சரியாயிரும்னுச்சு. உருவாதே தாயின்னு கையைப் புடிச்சுக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில மச்சான் ஊட்டுக் கூடத்துல பஞ்சாயத்து. ஸ்டூலு மேல பொட்டி. மானிட்டர் வேணுமில்லைங்களா, அதைக் கொண்டு வர ஒரு ஆளு. மச்சான் விவரமான மனுசன், மெசினைப் பாத்து ஞாயம் சொல்ல அவரு சார்புல ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாரு. மானிட்டரைத் தூக்கிட்டு உள்ள வருது ரெஜினா. அது என்னைப் பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன். ரெண்டு பேரும் இப்பத்தான் மொதத் தடவை பாக்கற மாதிரி கும்பிட்டுக்கிட்டோம்.

சுவிச்சைப் போட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மச்சான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. பி.ஏ. படிச்சவரு, இங்கிலீசு வரும். ரெண்டு தடவை படிச்சுட்டு ரெஜினாளைக் கேட்டாரு, இது நெசமாத்தான் சொல்லுதா அம்மிணின்னு. அது சொல்லுச்சு: "மெசினு பொய் சொல்லாதுங்கய்யா. இப்ப அதால ஆரம்பிக்க முடியலை." ஒரு வார்த்தை தப்பில்லைங்க அதுல. எனக்கு மூச்சு வந்துச்சு.

அதோட முடிஞ்சுதுன்னு எந்திரிச்சேன். மச்சான் உட மாட்டேன்னுட்டாரு. பத்தலைன்னா பத்த வச்சுக் காட்டு, உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கோணும்னாரு. ரெஜினா ஒரு குச்சியை உருவுச்சு. மெமரியைக் கொறச்சா மெமரி பத்துமான்னு மச்சான் கேட்டாரு. இந்த மாடலுக்கு அப்படித்தானுங்கன்னு சொல்லுச்சு. விண்டோஸ் வந்துச்சு. ‘காது ஒண்ணை’த் தெறந்துச்சு.

மொதல் வரி. தாய்மாமன், உடுமலை பெ. நாச்சிமுத்து, பி.ஏ. பதினாறு பாயிண்ட்.

மச்சான் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு சார். நின்னவரு, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்லை. அப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு: "மாப்பிள்ளை, நான் உங்க பேரை எட்டு பாயிண்ட்டுல போட்டவன். வேணும்னுதான் போட்டேன், அப்ப உங்க மேல ஒரு காய்ச்சல். நீங்க எம்பேரைத் தலைப்புல வச்சிருக்கறீங்க. இருபது வருசம் ஒரு மெசினு பண்ணுன தப்புக்கு உங்களைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கறேன். மன்னிச்சுப்போடுங்க."

அவரே ஒத்துக்கிட்டாரு, எட்டு பாயிண்ட்டுன்னு. என் ஸ்கேல் சரிதான். இருபது வருசமா இதைக் கேக்கத்தானுங்க காத்திருந்தேன். கேட்டப்ப சந்தோசமே இல்லை. அட, உடுங்க மச்சான், மெசினு என்னத்தைக் கண்டுச்சுன்னு சொன்னேன். கையை உருவிக்கவும் முடியலை, வச்சுக்கவும் முடியலை. மயிலாத்தா கதவோரமா நின்னு எங்களையே பாத்துக்கிட்டு இருந்தா. தட்டை வாங்கிக்கிட்டாரு. பட்டம் கட்ட வரேன்னுட்டாரு. வடை பாயசத்தோட சோறு போட்டாங்க.

சரி, காரியம் முடிஞ்சுதில்லைங்களா? பஸ் ஸ்டாண்டுல பொட்டியைக் கீழ வச்சுட்டு நின்னோம். நான்தான் பேச்சை ஆரம்பிச்சேன். பாத்தியா மயிலா, பொட்டி மானத்தைக் காப்பாத்திருச்சுன்னேன். அவ பஸ் வர்ற தெசையைப் பாத்துக்கிட்டே சொன்னா: "‘காது ரெண்டை’ இனிமேல் தேடாதீங்க. பத்திரிகை வந்த மறுநாளே நான்தான் அழிச்சேன். எங்கண்ணன் எந்தக் காலத்துலயும் அதைப் பாத்துறக் கூடாதுன்னு."

அவ்வளவுதான் சார். பஸ் வந்துச்சு. ஏறி முன்னால உக்காந்துக்கிட்டா.

அவதானுங்க டைப் பண்ணுனா. பேரு அதுல இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாதா? மறுநாள் தெறந்து பாத்திருக்கறா. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்திருக்குது, ஒண்ணுல அண்ணன் பேரோட, ஒண்ணுல இல்லாம. எத்தனை மணிக்கு எழுதுனதுன்னு வேற அதுவே காட்டும். அன்னைக்குச் சாயங்காலமும் எனக்குச் சோறு போட்டிருக்கறா. இருபது வருசம் போட்டிருக்கறா. பக்கத்துல நின்னு, ஆமா, மெமரி பத்தலைன்னு தலையாட்டியிருக்கறா. நான் என்னமோ எல்லாரையும் நம்ப வச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என்ன தேடறீங்கன்னு கேட்டாளே அன்னைக்கு, அப்பவாச்சும் சொல்லுவான்னு பாத்திருப்பா போல.

நீங்க சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன்.

புதுப் பத்திரிகையில மச்சான் பேரு பதினெட்டு பாயிண்ட்டுல போட்டுட்டேன். எம்பேரும் பதினெட்டுதான். அது வந்து, பொண்ணோட அப்பன்ங்கறதால. அதை அப்புறம் பாத்துக்கலாம்.

அதா, திரும்பிட்டா. பாத்தீங்களா? அவளுக்குப் பக்கத்துல இருந்த அம்மா எறங்கிட்டாங்க. அந்த எடத்துல பையை வைக்காம சும்மா உட்டிருக்கறா. கூப்பிடறாளா, கூப்பிடலையா? நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க. கூப்பிடற மாதிரிதான் இருக்குது. லேடீஸ் சீட்டுல ஆம்பளை உக்காந்தா கண்டக்டர் வைவாரு. வையட்டும்.

இந்தப் பொட்டியைக் கொஞ்சம் மடியில புடிங்க சார், கனம் இல்லை. இத்தனை நேரம் பேசியிருக்கறேன், உங்ககிட்டக்கூட அதை நான் வாய் திறந்து சொல்லலை, கவனிச்சீங்களா? அந்தப் பேரை எடுத்தது நாந்தானுங்க. புடிங்க, அவகிட்டப் போயிச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்.